பள்ளித் தட்டு யாருக்குக் கணக்கு சொல்கிறது?

பிள்ளை பள்ளியிலிருந்து திரும்பியதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, சாப்பிட்டாயா என்பதுதான். வயிறு நிறைந்ததா, காயை ஒதுக்கிவிட்டதா, சாப்பிட்டது ஒத்துக்கொண்டதா என்று அடுத்தடுத்த கவலைகள் அதற்குப் பின்னால் நிற்கும். பள்ளிப் பதிவேட்டில் இவை எதற்கும் இடமில்லை. எத்தனை பேர் உண்டார்கள், எத்தனை கிலோ அரிசி செலவானது, எத்தனை முட்டை வழங்கப்பட்டது என்பவையே அங்கே பதிவாகின்றன.

பள்ளி உணவு எதற்காக என்ற கேள்விக்கு நூறாண்டாகச் சொல்லப்பட்டுவரும் விடைகளைச் சேர்த்துப் பார்த்தால், இந்த இடைவெளி எல்லாவற்றிலும் தெரிகிறது. ஒவ்வொரு காலமும் தன்னால் எண்ண முடிந்ததையே குறிக்கோளாகவும் வைத்துக்கொண்டது. முதலில் வருகை, பிறகு கலோரி, பிறகு புரதம், இப்போது இரும்புச்சத்து. அந்த விடைகள் எங்கிருந்து பிறந்தன, எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதை இந்தியாவை, அதிலும் தமிழ்நாட்டை, முன்வைத்து இங்கே பரிசீலிக்கலாம்.

வருகைக்கான சோறு

பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த 1920-ல், ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது வரம்பு. பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது, வந்தாலும் நிற்காது என்பதே இதன் பின்னிருந்த எண்ணம். தொடக்கக் கல்வி நிதியை உணவுக்குச் செலவிட ஆங்கிலேய அரசு ஒப்பாததால் சில ஆண்டுகளில் திட்டம் தடைப்பட்டது. 1956-ல் காமராசர் எட்டயபுரத்தில் தொடங்கிவைத்ததும், பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராக மக்களிடம் நெல்லும் பணமும் திரட்டி வளர்த்ததும் இதே எண்ணத்தின் தொடர்ச்சிதான்.

இந்த விடைக்குச் சான்று பலமாக இருக்கிறது. வட இந்திய கிராமங்களின் தரவுகளை வைத்து ழான் திரேஸ், கீதா கிங்டன் இருவரும் 2001-ல் வெளியிட்ட ஆய்வு, உணவு வழங்கும் பள்ளி உள்ள ஊரில் பெண்பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் வாய்ப்பு தெளிவாகக் கூடுவதைக் காட்டியது. மத்தியப் பிரதேசத்தில் ஃபர்சானா அஃப்ரிதி செய்த ஆய்வும் பெண்பிள்ளைகளின் வருகை உயர்ந்ததைச் சொல்கிறது.

ஆனால் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் தொடக்கப் பள்ளியில் சேர்ந்துவிட்ட மாநிலத்தில் இந்த அளவுகோல் அதிகம் சொல்லாது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், பின்னர் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. பெரும்பாலான பள்ளிகளில் வருகை கூடியதாக மாநிலத் திட்டக்குழு சொல்கிறது. விடியலில் வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைக்கு எட்டரை மணிக்குப் பொங்கலோ கிச்சடியோ கிடைப்பது தன்னளவிலேயே பெரிய காரியம். அதை நியாயப்படுத்த வருகைக் கணக்கு தேவையில்லை. அந்தப் பிள்ளைகளின் உயரம், எடை, கற்றல் இவற்றில் என்ன மாறுகிறது என்று அறியப் பல ஆண்டுத் தரவு வேண்டும்.

கலோரியா, புரதமா?

உணவை வருகையிலிருந்து பிரித்து உடலோடு இணைத்துப் பார்க்கும் வழக்கத்துக்கு வேர் குன்னூரில் இருக்கிறது. ராபர்ட் மெக்காரிசன் 1920-களில் அங்கே எலிகளுக்கு இந்தியாவின் பல வட்டார உணவுகளைக் கொடுத்து வளர்த்தார். கோதுமையும் பாலும் காய்கறியும் உண்ட எலிகள் செழித்தன. தீட்டிய அரிசியை முதன்மையாகக் கொண்ட சென்னை மாகாண உணவை உண்டவை பின்தங்கின. அவருக்குப் பின் அந்த ஆய்வகத்தின் இயக்குநராக வந்த வாலஸ் அய்க்ராய்ட் எலிகளோடு நிற்கவில்லை. அவரும் கிருஷ்ணனும் 1937-ல் வெளியிட்ட ஆய்வு, அரிசி உணவு உண்ணும் பிள்ளைகளுக்குக் கொழுப்பு நீக்கிய பாலைக் கூடுதலாகக் கொடுத்தால் வளர்ச்சி விரைவதைக் காட்டியது. சோறு போதாது, சோற்றோடு ஏதோ ஒன்று வேண்டும் என்ற வாதத்துக்கு இதுவே தென்னிந்தியத் தொடக்கம்.

இத்தகைய சோதனைகள் எவ்வளவு எளிதில் தடம் புரளும் என்பதற்கு 1930-ல் ஸ்காட்லாந்தின் லனார்க்ஷயரில் நடந்த ஆய்வு சான்று. இருபதாயிரம் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு நான்கு மாதம் பால் கொடுத்தார்கள், மறுபாதிக்குக் கொடுக்கவில்லை. பிள்ளைகளைப் பிரிக்கும்போது சிறு மாற்றம் செய்யும் உரிமை ஆசிரியர்களுக்கு இருந்தது. மெலிந்த ஏழைப் பிள்ளைகளைப் பால் கிடைக்கும் பக்கம் அவர்கள் சேர்த்துவிட்டதாகவே தெரிகிறது. தொடக்கத்திலேயே பால் பெறாத கூட்டம் உயரமாகவும் கனமாகவும் இருந்தது. ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் எழுதிய புள்ளியியலாளர் கோசெட் மறு ஆண்டே இதைச் சுட்டிக்காட்டினார். பசித்த பிள்ளைக்கு முதலில் கொடு என்ற மனித இயல்பு பள்ளி உணவு பற்றிய எல்லா ஆய்வுக்கும் இடையூறாக நிற்கிறது. அந்த இயல்பை யாரும் குறை சொல்ல முடியாது. முடிவுகளைப் படிக்கும்போது அதை மறக்கவும் கூடாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் உலக அமைப்புகளின் பார்வை புரதத்தின் மேல் விழுந்தது. 1968-ல் ஐ.நா. அறிக்கை ஒன்று வரவிருக்கும் புரத நெருக்கடி பற்றி எச்சரித்தது. புரத மாவுகளுக்கும் செறிவுப் பண்டங்களுக்கும் பணம் ஓடியது. அதே காலத்தில், குன்னூரிலிருந்து ஹைதராபாத்துக்கு மாறியிருந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் சி. கோபாலன் வேறொன்றைக் கண்டார். நலிந்த பிள்ளைகள் உண்பது புரதம் குறைந்த உணவு என்பதைவிட, அளவு குறைந்த உணவு. அரிசியும் பருப்பும் வயிறு நிறையக் கிடைத்தால் பெரும்பாலானோருக்குப் புரதமும் சேர்ந்தே கிடைத்துவிடும். புள்ளியியலாளர் சுகாத்மேயும் இதே முடிவுக்கு வந்தார். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் 1973-ல் புரதத் தேவையின் அளவைக் குறைத்தன. டொனால்ட் மெக்லாரன் 1974-ல் ‘லான்செட்’ இதழில் அந்தப் புரத ஆர்வம் முழுவதையும் கடுமையாகச் சாடினார்.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இந்தக் கருத்துச் சூழலில் பிறந்தது. முதலில் கிராமங்களில் 2 முதல் 9 வயதுவரை, அடுத்து நகரங்களுக்கு, 1984-ல் 15 வயதுவரை என்று அது விரிந்தது. சோறும் சாம்பாரும் வயிறு நிறைய, எல்லாருக்கும். வெறும் வாக்குக்கான செலவு என்று அன்று பலர் கண்டித்தார்கள். ஆயினும் பின்னால் நாடு முழுவதும் அதைத்தான் பின்பற்றியது. மத்திய அரசு 1995-ல் தொடங்கிய திட்டம் பல மாநிலங்களில் மாதம் மூன்று கிலோ தானியத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதோடு நின்றது. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், சமைத்த உணவே தரவேண்டும், குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் அதில் இருக்கவேண்டும் என்று ஆணையிட்டது. இன்று அந்த அளவு தொடக்க வகுப்புக்கு 450 கலோரி, 12 கிராம் புரதம். நடுநிலை வகுப்புக்கு 700 கலோரி, 20 கிராம்.

பள்ளி வயது தாமதமா?

சத்துணவின் மேல் வைக்கப்பட்ட கனமான மறுப்பு செலவைப் பற்றியதல்ல, வயதைப் பற்றியது. குழந்தையின் உயரக் குறைவு பெரும்பாலும் கருவிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலும் முடிவாகிவிடுகிறது. ஐந்து வயதில் சோறு போட்டு அதைத் திருத்த முடியாது என்பது இந்த வாதம். தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு மாற்று வடிவம் நடந்துகொண்டிருந்தது. 1980-ல் உலக வங்கிக் கடனுடன் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்து, வளர்ச்சி தளர்ந்தவர்களுக்கு மட்டும் கூடுதல் உணவு கொடுத்தது. கடுமையான ஊட்டக்குறைவு அந்தப் பகுதிகளில் குறைந்தது. எல்லாருக்குமா, தேவைப்படுவோருக்கு மட்டுமா என்ற விவாதத்தின் இரு பக்கமும் ஒரே மாநிலத்தில், ஒரே பத்தாண்டில் செயலில் இருந்தன.

வயது வாதம் இன்றும் பெரிய அளவில் சரி. ஆனால் மூன்று ஆய்வுகள் அதன் முனையை மழுக்கியிருக்கின்றன. அஃப்ரிதி 2010-ல் வெளியிட்ட கட்டுரை, பள்ளியில் உண்டதற்காகப் பிள்ளைக்கு வீட்டில் சோறு குறைவதில்லை என்று காட்டியது. பள்ளியில் கிடைப்பது உண்மையிலேயே கூடுதல். ஆந்திரத்தில் சிங், பார்க், டெர்கான் மூவரும் செய்த ஆய்வில், கைக்குழந்தைப் பருவத்தில் வறட்சிக்கு ஆளான பிள்ளைகள் பள்ளி உணவால் அந்த இழப்பை ஈடுகட்டியிருந்தார்கள். மூன்றாவது, 2021-ல் சுமன் சக்ரவர்த்தியும் மற்றவர்களும் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வெளியிட்டது. தொடக்கப் பள்ளியில் சத்துணவு உண்ட பெண்கள் பின்னர் பெற்ற குழந்தைகள், அது கிடைக்காத பெண்களின் குழந்தைகளைவிட வயதுக்கேற்ற உயரத்தில் மேலாக இருந்தார்கள். 2006-க்கும் 2016-க்கும் இடையே இந்தியக் குழந்தைகளின் உயரத்தில் ஏற்பட்ட முன்னேற்றத்தில் 13 முதல் 32 விழுக்காடு வரை இத்திட்டத்தோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பீடு.

இந்த மூன்றாவது முடிவைக் கவனத்துடன் ஏற்க வேண்டும். திட்டம் முன்னதாக வந்த மாநிலங்களில் சாலையும் மருத்துவமனையும் பெண்கல்வியும்கூட முன்னதாக வந்திருக்கலாம். புள்ளிவிவர முறைகளால் அவற்றை முழுக்கப் பிரித்தெடுப்பது கடினம். அப்படியிருந்தும் அதன் உட்பொருள் முக்கியமானது. கருவிலிருந்து இரண்டு வயதுவரையான ஆயிரம் நாளை முன்வைக்கும் வயது வாதம், பிள்ளை கருவாகும் நாளிலிருந்து கணக்கைத் தொடங்குகிறது. இந்த ஆய்வோ, தாய் தானே ஒரு பள்ளிச் சிறுமியாக இருந்த நாளிலிருந்து தொடங்குகிறது. அப்படிப் பார்த்தால் பள்ளி உணவு ஒரு தலைமுறைக்கு முன்கூட்டியே வருகிறது.

முட்டை

புரத வாதம் 1970-களில் தோற்றதாகக் கருதப்பட்டது. வேறு உருவில் அது திரும்பியது. இந்த முறை அளவைவிடத் தரமே பேசுபொருள். அரிசியும் பருப்பும் தரும் புரதம் உடலில் எவ்வளவு சேர்கிறது, வளரும் பிள்ளைக்கு வேண்டிய அமினோ அமிலங்கள் அதில் போதுமா என்று இன்று நுட்பமாக அளக்கிறார்கள். அந்தக் கணக்கில் முட்டை தனித்து நிற்கிறது. தமிழ்நாட்டில் 1989-ல் இரு வாரத்துக்கு ஒரு முட்டையாகத் தொடங்கி, 1998-ல் வாரம் ஒன்று, 2006-ல் இரண்டு, 2007-ல் மூன்று, 2010-ல் ஐந்து என்று உயர்ந்தது. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம். 2013-ல் கலவை சாதங்கள் அறிமுகமானபோது மிளகு முட்டையும் மசாலா முட்டையும் சேர்ந்துகொண்டன.

பல மாநிலங்களில் இது நடக்கவில்லை. 2015-ல் மத்தியப் பிரதேச முதலமைச்சர் அங்கன்வாடிகளில் முட்டை கொடுக்க மறுத்தார். கர்நாடகத்தில் 2021-ல் முட்டை வழங்கியபோது சில மடாதிபதிகள் எதிர்த்தார்கள். சைவப் பிள்ளையின் முன் அசைவம் வைக்கலாமா என்பது எதிர்ப்பாளர் கேள்வி. அந்தப் பிள்ளைக்குப் பழம் கொடுப்பதில் தமிழ்நாட்டில் இத்தனை ஆண்டுகளாக எந்தச் சிக்கலும் இல்லை என்பதால், இந்த மறுப்பு சத்துணவியல் சார்ந்ததல்ல என்றே கொள்ளவேண்டியிருக்கிறது. ஒரு வாழைப்பழம் முட்டைக்கு ஈடாகாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பால், கொண்டைக்கடலை, நிலக்கடலை போன்ற மாற்றுகள் பரிசீலிக்கத் தக்கவை.

இரும்பு

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. நாற்பதாண்டுச் சத்துணவுக்குப் பிறகும் இந்த எண் நிற்பதைக் காட்டி, சோறும் முட்டையும் போதவில்லை, அரிசியிலேயே இரும்பும் போலிக் அமிலமும் பி12-உம் சேர்க்கவேண்டும் என்ற விடை வந்தது. 2021 ஆகஸ்டு 15 அன்று பிரதமர் செறிவூட்டிய அரிசியை அறிவித்த பின், பள்ளி உணவுக்கும் அதுவே போகத் தொடங்கியது.

எனக்கு இந்த விடையின் மேல் ஐயம் அதிகம். முதலாவது, அளவீடு. அந்த ஆய்வில் விரல் நுனியில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். சிரையிலிருந்து இரத்தம் எடுத்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு (2016–18) நாட்டின் 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் 41 விழுக்காட்டினருக்கே இரத்தசோகை என்றது. ஏறக்குறைய அதே காலத்துக் குடும்ப நல ஆய்வின் எண் 58. வயது வரம்பில் சிறு வேறுபாடு உண்டு என்றாலும் இவ்வளவு தூரத்துக்கு அது காரணமாக இருக்க முடியாது. இரண்டாவது, பயன். உலகெங்கும் நடந்த சோதனைகளைத் தொகுத்த 2019-ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு, செறிவூட்டிய அரிசியால் இரத்தசோகை குறைவது மிகச் சிறிதாகவோ இல்லாமலோ இருக்கலாம் என்றது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் அனுரா குர்பாத் போன்றவர்கள், மாத்திரை, உப்பு, அரிசி என்று எல்லா வழியிலும் இரும்பைச் சேர்த்தால் சிலருக்கு மிகையாகும் என எச்சரித்துவருகிறார்கள். தலசீமியா உள்ள பிள்ளைகளுக்கு இது கூடுதல் கவலை. தட்டில் கீரையும் பழமும் சேர்ந்தால் உணவிலுள்ள இரும்பு உடலில் நன்றாகச் சேரும். அதற்குக் காய்கறிக்கான பணம் வேண்டும்.

அந்தப் பணம் எவ்வளவு என்று பார்க்கலாம். தானியம் தனி, பருப்பு, காய், எண்ணெய், எரிபொருள் எல்லாவற்றுக்குமாக 2025 மே முதல் மத்தியத் திட்டம் வைத்திருக்கும் அளவு தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 6 ரூபாய் 78 காசு. மாநிலங்கள் முட்டை போன்றவற்றுக்குத் தம் பணத்தைச் சேர்க்கின்றன. விதிப்படி ஒரு பிள்ளைக்கு 50 கிராம் காய். தக்காளியும் வெங்காயமும் விலையேறும் மாதங்களில் முதலில் சுருங்குவது அதுதான்.

வாசலுக்கு வெளியே

இதுவரை சொன்ன விடைகள் எல்லாம் குறைவைப் பற்றியவை. அண்மைக் காலத்துப் பெற்றோரின் கவலை மிகையைப் பற்றியும் இருக்கிறது. தமிழ்நாட்டில் பெண்களில் 40 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் உடல் எடை மிகுந்தவர்கள் என்று அதே குடும்ப நல ஆய்வு சொல்கிறது. பாக்கெட் நொறுக்குத் தீனியும் இனிப்புக் குளிர்பானமும் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் எட்டும் விலைக்கு வந்துவிட்டன.

இதில் சட்டத்தைத் தொடங்கிவைத்தவர்களே பெற்றோர்தாம். டெல்லியின் உதய் ஃபவுண்டேஷன் 2010-ல் உயர் நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் தொடர்ச்சியாக, உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் விதிகள் வெளியிட்டது. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்கக்கூடாது. 2025 மே மாதம் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளில் சர்க்கரை அளவைக் காட்டும் பலகைகள் வைக்கச் சொன்னது. சிலி நாடு 2016-ல் பாக்கெட்டின் முகப்பிலேயே கறுப்பு எச்சரிக்கைக் குறியும் பள்ளிக்குள் விற்பனைத் தடையும் கொண்டுவந்தது. இனிப்புப் பானங்களின் விற்பனை அங்கே கணிசமாகக் குறைந்தது. அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளி உணவின் தரத்தை உயர்த்திய பின், ஏழைப் பிள்ளைகளிடம் உடல்பருமன் கூடும் போக்கு தணிந்ததாக ஓர் ஆய்வு உண்டு.

தடை மட்டும் போதுமா என்பது ஐயத்துக்குரியது. 51-ஆம் மீட்டரில் கடை வைக்கலாம். ‘மிகுந்தது’ என்பதற்கு எல்லை எங்கே என்பதில் தொழில் நிறுவனங்களும் மருத்துவர்களும் இன்னும் வாதிடுகிறார்கள். இதில் தனியார் பள்ளிகள் பெரிய இருட்டுப் பகுதி. சத்துணவு அங்கே இல்லை. டிபன் பாக்ஸும் கேன்டீனும்தான். அந்தப் பிள்ளைகள் பகலில் என்ன உண்கிறார்கள் என்பதை எந்தப் பதிவேடும் பிடிப்பதில்லை.

யார் சமைப்பது, யார் பார்ப்பது

2013 ஜூலை 16 அன்று பிகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளி உணவில் பூச்சிக்கொல்லி கலந்து 23 பிள்ளைகள் இறந்தார்கள். அதற்குச் சரியாக ஒன்பது ஆண்டு முன், 2004 ஜூலை 16 அன்று, கும்பகோணத்தில் மதிய உணவுச் சமையலறையின் கூரையில் பற்றிய தீ 94 பிள்ளைகளைக் கொன்றது. கலோரிக் கணக்கு எதுவும் இந்த அச்சத்தைத் தொடவில்லை. பெற்றோரின் மனத்தில் முதலில் நிற்பதோ இதுதான்.

பெரிய நவீனச் சமையற்கூடங்களில் சமைத்து வண்டியில் அனுப்பினால் சுத்தம் உறுதியாகும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். பெங்களூரில் 2000-ல் தொடங்கிய அட்சய பாத்திரம் இதன் பெரிய எடுத்துக்காட்டு. ஆனால் முட்டையும் வெங்காயமும் பூண்டும் இல்லாத அதன் சமையல், பிள்ளைகளின் நாவுக்கும் ஊரின் பழக்கத்துக்கும் பொருந்துவதில்லை என்ற எதிர்ப்பும் எழுந்தது. பள்ளியிலேயே சமைத்தால் உணவு சூடாகக் கிடைக்கும், அமைப்பாளரையும் சமையலரையும் ஊருக்குத் தெரியும், கேள்வி கேட்கலாம். என் பார்வையில் இந்த வழியே மேல். தமிழ்நாட்டின் சத்துணவு மையங்களை இத்தனை ஆண்டு நிலைநிறுத்தியது பெரிதும் அந்தப் பெண்களின் உழைப்புதான். அவர்களின் ஊதியமும் பணிப் பாதுகாப்பும் சத்து பற்றிய விவாதத்தில் அரிதாகவே இடம் பெறுகின்றன.

பெற்றோருக்குச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்கவேண்டும். அவர்கள் சமையலறையைப் பார்வையிடலாம், உணவைச் சுவைத்துப் பார்க்கலாம். இந்த அதிகாரம் நல்ல வழியில் மட்டுமே பயன்படும் என்று கருதிவிட முடியாது. 2018-ல் திருப்பூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் பட்டியல் சாதிப் பெண் சமைக்கக்கூடாது என்று எதிர்த்தவர்களில் பெற்றோரும் இருந்தார்கள். காலை உணவுத் திட்டத்திலும் அத்தகைய எதிர்ப்பு எழுந்ததுண்டு. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் ஒரே சமையலை உண்பதே இத்திட்டத்தின் பெரிய பயன் என்று திரேஸ் போன்றவர்கள் வாதிடுகிறார்கள். அந்தப் பயனை எந்தச் சத்து அட்டவணையும் அளக்காது. அதை விட்டுக்கொடுத்துப் பெறும் பெற்றோர் பங்கேற்பு யாருக்கும் நன்மை செய்யாது.

இன்னும் முடிவாகாதவை

நூறாண்டுச் சான்றை நிறுத்துப் பார்த்தால் எடை சமமாக இல்லை. பள்ளி உணவு பசியைத் தணிக்கிறது, பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்துகிறது என்பதற்குச் சான்று உறுதி. உயரத்துக்கும் அடுத்த தலைமுறைக்கும் அது உதவுகிறது என்பதற்கு நம்பத்தக்க, ஆனால் இன்னும் சோதிக்கப்படவேண்டிய சான்று இருக்கிறது. இரத்தசோகையில் அரிசி வழியாகப் பெரிய மாற்றம் வரும் என்பதற்குச் சான்று மெலிது. உடல்பருமனைப் பொறுத்தவரை இந்தியப் பள்ளி உணவு என்ன செய்கிறது என்று சொல்லுமளவுக்குத் தரவே சேரவில்லை. குறைவும் மிகையும் ஒரே வகுப்பறையில் இருக்கும்போது ஒரே தட்டு இரண்டுக்கும் எப்படிப் பொருந்தும் என்பது இனிமேல்தான் ஆராயப்படவேண்டியது.

அதற்கு முன்னால் இன்னொன்று கேட்கப்படவேண்டும். வழங்கியது பதிவாகிறது, உண்டது பதிவாவதில்லை. தட்டில் மிஞ்சுவது எவ்வளவு, எந்தக் காய் ஒதுக்கப்படுகிறது, எந்த நாளில் பிள்ளைகள் இரண்டாம் முறை கேட்கிறார்கள் என்பதை மாதத்தில் ஒரு நாளாவது மேலாண்மைக் குழுவின் பெற்றோரும் சமையலரும் சேர்ந்து எழுதிவைத்தால், அதற்கு ஆய்வகம் தேவையில்லை. அந்தப் பதிவு உணவுப் பட்டியலை மாற்றுமா, செலவு வரம்பை உயர்த்தும் வாதத்துக்கு வலுச் சேர்க்குமா, அல்லது இன்னொரு பதிவேடாகவே முடங்குமா என்பது செய்துபார்த்தால்தான் தெரியும்.